மெலிந்த இணைப்புக்கான காணொளி: கடைசிப் படியிலிருந்து தொடங்குவது

விரிவுரைக் காணொளிகளைக் கைப்பேசிக்கு ஏற்றவாறு மாற்றியமைக்கும் வேலையைத் தொடங்கிய நாட்களில், 1080பி தரம் எவ்வளவு கூர்மையாகத் தெரிகிறது என்பதிலேயே என் கவனமெல்லாம் இருந்தது. இப்போது முதலில் திறந்து பார்ப்பது, ஒரே காணொளிக்கு நாங்கள் தயாரிக்கும் தரப் படிகளில் கடைசியை, அதாவது மிகக் குறைந்த தரத்தைத்தான். இணைப்பு மெலிந்தவருக்குக் கிடைக்கப்போவது அது ஒன்றே.

இணைப்பின் வேகத்துக்கேற்பக் காணொளியை அனுப்பும் முறைகளான, ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த எச்எல்எஸ், 2012-இல் சர்வதேசத் தரமாக வெளியான டேஷ் ஆகிய இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஒரே காணொளியைப் பல பிட் வீதங்களில் (நொடிக்கு இத்தனை பிட் தரவு என்ற அளவுகளில்) என்கோடு செய்து, அதாவது சுருக்கி, சில நொடித் துண்டுகளாக நறுக்கி வைக்கிறோம். அடுத்த துண்டை எந்தத் தரத்தில் எடுப்பது என்பதை, முந்தைய துண்டு வந்த வேகத்தையும் பஃபரில், அதாவது முன்கூட்டியே இறக்கி வைத்த சேமிப்பில், மிஞ்சியிருக்கும் நொடிகளையும் பார்த்து பிளேயரே முடிவு செய்கிறது. நொடிக்கு 2,500 கிலோபிட் வீதத்திலான 6 நொடித் துண்டு, 500 கிலோபிட் வேகமுள்ள இணைப்பில் வந்து சேர 30 நொடி பிடிக்கும். 300 கிலோபிட் வீதத்தில் அதே துண்டு 3.6 நொடியில் வந்துவிடும்.

ஒருமுறை, தரம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் பேச்சாளர் இரண்டு சொற்களைத் திரும்பச் சொல்வதுபோல் கேட்டது. நெட்வொர்க்கைக் குறை சொல்லி இரண்டு நாட்களைக் கழித்த பிறகே, காட்சி மாறும் இடங்களிலெல்லாம் என்கோடர் தன்போக்கில் கீஃபிரேம் (துண்டு தொடங்கக்கூடிய முழுப் படம்) வைத்திருந்ததால் படிக்குப் படி துண்டுகளின் எல்லை விலகியிருந்தது தெரிந்தது. அந்த வசதியை அணைத்துவிட்டு, நொடிக்கு 25 ஃபிரேம் உள்ள காணொளியில் 50 ஃபிரேமுக்கு ஒன்று, அதாவது 2 நொடிக்கு ஒன்று என எல்லாப் படிகளுக்கும் நிலையாக விதித்ததும் சரியாயிற்று.

கடைசிப் படியில் எதைக் குறைப்பது என்பதுதான் உண்மையான கேள்வி. ஸ்லைடுகள் நிறைந்த விரிவுரையில் படத்தின் அளவைச் சுருக்கினால் எழுத்து கரைந்துவிடும். அதைவிட ஃபிரேம்களை நொடிக்கு 10 ஆகக் குறைப்பது மேல். கையசைவு சற்று வெட்டி வெட்டித் தெரியும், ஆனால் சமன்பாட்டைப் படிக்க முடியும். விளையாட்டுக் காட்சிக்கு இதே முடிவு பாழ். ஒலியில் மட்டும் நான் கஞ்சத்தனம் காட்டுவதில்லை: படம் மங்கினால் பொறுத்துக்கொள்பவர்கள், குரல் அறுபட்டால் எழுந்து போய்விடுகிறார்கள். 2018-இல் வந்த ஏவி1 கோடெக் (காணொளியைச் சுருக்கி விரிக்கும் முறை) பிட்டுகளை நன்றாகவே மிச்சப்படுத்துகிறது. ஆனால் அதற்கான டிகோடர் சிப் இல்லாத பழைய கைப்பேசியில் பேட்டரியைத் தின்றுவிடும் என்பதால், இந்தப் படிக்குப் பழைய கோடெக்கான எச்.264-ஐயே வைத்திருக்கிறேன்.

கடைசியாகச் செய்த மாற்றம் ஒற்றை வரிதான். எல்லாப் படிகளையும் பட்டியலிடும் கோப்பான முதன்மை பிளேலிஸ்டில் முதலில் எழுதியிருக்கும் படியிலிருந்தே பல பிளேயர்கள் தொடங்குகின்றன என்பதால், 300 கிலோபிட் படியை மேலே நகர்த்தினேன். முதல் சில நொடிகள் படம் மங்கலாக இருக்கும். குரல் உடனே வந்துவிடுகிறது.