21 வயதுக்குள் தனியாக டாக்டரைப் பார்க்கலாமா?

வீட்டுக்குத் தெரியாமல் 17 வயதுப் பிள்ளை டாக்டரிடம் போக முடியுமா என்று கேட்டால், "முடியாது, 21 ஆகணும்" என்றுதான் நம்மில் பலரும் சொல்வோம். அது பாதிதான் சரி. சிகிச்சைக்குச் சம்மதம் தர இத்தனை வயது என்று பொதுவாக வரையறுத்த சட்டம் சிங்கப்பூரில் இல்லை. 21 என்பது பழைய பொதுச் சட்டம், அதாவது நீதிமன்றத் தீர்ப்புகளின் வழி வந்த சட்டம், விட்டுச்சென்ற வயது. ஒப்பந்தம் செய்யும் வயதை மட்டும் 2009 மார்ச்சில் 18 ஆகக் குறைத்தார்கள். அறுவை சிகிச்சை என்று வந்தால் மருத்துவமனைகள் அந்த 21-ஐப் பிடித்துக்கொண்டு பெற்றோர் கையெழுத்தைக் கேட்கும். இதை மாற்றச் சொல்லி வாக்குப் போடவும் 21 ஆக வேண்டும் என்பது தனி வேடிக்கை.

காய்ச்சல், முகப்பரு, மாதவிடாய் வலி போன்றவற்றுக்கு இவ்வளவு கெடுபிடி இருக்காது. 15 வயதில் கிடைக்கும் அடையாள அட்டை பெரும்பாலும் போதும். விஷயம் வீட்டுக்குப் போவது பெரும்பாலும் டாக்டர் வாயால் அல்ல, பணத்தின் வழியாகத்தான். அப்பாவின் மெடிசேவில், அதாவது கட்டாய மருத்துவச் சேமிப்புக் கணக்கில், கழிக்க அவர் ஒப்புதல் வேண்டும். அம்மாவின் கம்பெனிக் காப்புறுதியில் கோரினால் ரசீது அவர் கைக்குத்தான் போகும். பலதுறை மருந்தகப் (பாலிகிளினிக்) பதிவில் சின்ன வயதில் கொடுத்த அம்மாவின் கைப்பேசி எண்ணே இன்னும் இருந்தால், அடுத்த சந்திப்புக்கான குறுஞ்செய்தி அவருக்குத்தான் போய்ச் சேரும். முகப்பிலேயே எண்ணை மாற்றச் சொல்லிவிட்டு, கட்டணத்தை ரொக்கமாகக் கட்டிவிடுவது நல்லது.

கருக்கலைப்புச் சட்டம் அந்த 21 வயதுக் கெடுபிடிக்கு நேர்மாறு. முதல் சட்டம் 1969-ல் நிறைவேறியது. இப்போதுள்ளது 1974-ஆம் ஆண்டுச் சட்டம். "பிள்ளைகள் இரண்டு போதும்" என்று அரசு மக்களிடம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. பிறப்பைக் குறைக்கும் அவசரத்தில் திறந்த கதவு என்பதாலோ என்னவோ, எந்த வயதுப் பெண்ணுக்கும் பெற்றோர் சம்மதத்தை அது நிபந்தனையாக வைக்கவில்லை. முதலில் ஆலோசனை, பிறகு குறைந்தது 48 மணி நேரம் கழித்து எழுத்துபூர்வச் சம்மதம், அதன் பிறகே சிகிச்சை. 16 வயதுக்குட்பட்ட மணமாகாத பெண் என்றால் அந்த ஆலோசனையைச் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் நிலையத்தில் பெற வேண்டும். கர்ப்பம் 24 வாரம் தாண்டினால், தாயின் உயிருக்கோ உடல், மன நலத்துக்கோ கடும் ஆபத்து இருந்தால் மட்டுமே கலைக்கலாம்.

சிக்கல் எங்கே என்றால், 16 வயதுக்குட்பட்டவருடன் பாலுறவு கொள்வது தண்டனைச் சட்டப்படி குற்றம். அவரே சம்மதித்தார் என்ற பேச்சு அங்கே எடுபடாது. டாக்டர் வீட்டில் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் போலீசுக்குத் தகவல் போகலாம், விசாரணை வந்தால் பெற்றோருக்கும் தெரிந்துவிடும். இதற்குப் பயந்து பெண்பிள்ளைகள் நாளைக் கடத்துவதுதான் ஆபத்து. 10 வாரத்தில் எளிதாக முடிவது 20 வாரத்தில் கடினமான சிகிச்சையாகிவிடும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் இங்கே டாக்டர் சீட்டு வேண்டும், அதுவும் மணிக்கணக்கில் வீரியம் குறையும் மருந்து. கடைக்குப் போய் வாங்கிவிடலாம் என்று நினைத்து ஒரு நாளை வீணாக்க வேண்டாம்.

மனநலத்தில் சட்டம் நல்லபடியாக நகர்ந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2020 ஜனவரி 1 முதல் இல்லை. அதற்கு முன்பு, மாத்திரைகளை விழுங்கிவிட்ட பிள்ளையை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோகவே குடும்பங்கள் தயங்கின. இப்போது அந்தத் தயக்கத்துக்குச் சட்டக் காரணம் இல்லை. மனநல உதவிக்கு அழைக்கும் 1767, 1771 இரண்டும் 24 மணி நேரமும் இயங்கும் எண்கள். பெற்றோர் கையெழுத்து எதுவும் வேண்டாம். நேரில் ஆலோசகரைப் பார்க்கப் போகும் பிள்ளை, பேச்சைத் தொடங்கும் முன்பே "எதையெல்லாம் நீங்க வீட்ல சொல்லியாகணும்?" என்று கேட்டுவிடலாம். உயிருக்கு ஆபத்து என்றால் சொல்வார்கள். மற்றவற்றில் அவரவர் இடத்தின் விதி மாறும் என்பதால், பதிலைக் கேட்டுக்கொண்டு பேசத் தொடங்கலாம்.