ஷிப்ட் மாறும் அந்தப் பத்து நிமிடம்

காலை ஆறு, பிற்பகல் இரண்டு, இரவு பத்து. மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் பல ஆலைகளில் ஆள் மாறும் நேரம் இது. கிளம்புகிறவருக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். வருகிறவர் இன்னும் ஹெல்மெட் வாரை மாட்டி முடிக்கவில்லை. "எல்லாம் நார்மல்தாண்ணே, லாக் புக்ல எழுதிட்டேன்" என்பார் கிளம்புகிறவர். லாக் புக் என்பது ஷிப்டில் நடந்ததைக் குறித்து வைக்கும் நோட்டு. அவ்வளவுதான், ஒரு முழு யூனிட் கைமாறிவிடும். வேலையிடத்துப் பேச்சில் இதைவிட ஆபத்தான வரி கிடையாது என்பேன்.

லாக் புக்கில் நடந்தது இருக்கும். பாதியில் நிற்பது பெரும்பாலும் இருக்காது. ஆளைக் கொல்வது அந்தப் பாதி வேலைதான். 1988 ஜூலை 6 அன்று ஸ்காட்லாந்துக்கு அப்பால் வட கடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் நடந்ததைப் பாருங்கள். இரண்டு பம்புகளில் ஒன்றின் சேஃப்டி வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றியிருந்தார்கள். மாலைக்குள் வேலை முடியவில்லை. திறந்த குழாய் வாயைப் பிளைண்ட் ஃபிளாஞ்ச் என்ற மூடித் தகடு போட்டு மூடிவிட்டு, பர்மிட்டை, அதாவது அந்த வேலைக்கான அனுமதிச் சீட்டை, கன்ட்ரோல் ரூமில் வைத்துவிட்டுப் போனார்கள். வால்வு இல்லை என்பதை இரவு ஷிப்டிடம் யாரும் வாயால் சொல்லவில்லை. ஓடிக்கொண்டிருந்த மற்ற பம்பு இரவில் நின்றது. வால்வு கழற்றியிருந்த இந்தப் பம்பை ஸ்டார்ட் செய்தார்கள். மூடியிருந்த இடத்தில் வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். தகவல் காகிதத்தில் இருந்தது. தேவைப்பட்டவன் காதுக்குப் போய்ச் சேரவில்லை.

ஆகவே பேசும் இடம் முக்கியம். கேன்டீன் வாசலில் வேண்டாம். பேனல் முன்னால், இல்லையென்றால் அந்தப் பம்பு பக்கத்திலேயே இருவரும் நின்று பேசுங்கள். பத்து நிமிடம் போதும். எது நின்றிருக்கிறது, எது பாதியில் இருக்கிறது, எந்த அலாரத்தை பைபாஸ் செய்து அடிக்காமல் வைத்திருக்கிறீர்கள், பர்மிட் வாங்கி உள்ளே யார் எங்கே வேலை செய்கிறார்கள் என்பதெல்லாம் முதலில் வரவேண்டும். நன்றாக ஓடுவதைக் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம். "கொஞ்சம் பிரஷர் ஏறுது" என்றால் பத்துப் பேருக்குப் பத்து அர்த்தம். "காலைல பிரஷர் நாலு கிலோ இருந்துச்சு, இப்ப நாலரை, ஏறிக்கிட்டே இருக்கு" என்றால் சந்தேகத்துக்கு இடமில்லை.

பிறகு, கேட்டவர் அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். பெரும்பாலான இடங்களில் விட்டுப்போவது இந்த ஒரு படிதான். "சரிண்ணே" என்பது காதில் விழுந்தது என்பதற்கு மட்டும் அடையாளம். சொன்ன வாக்கியத்தையே கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பதும் உதவாது. "அப்ப ரெண்டாவது பம்பை நான் தொடக் கூடாது, ஃபிட்டர் வந்து பாத்தப்புறம்தான், சரியா?" என்று வரவேண்டும். தப்பாகப் புரிந்திருந்தால் அந்த நொடியிலேயே வெளியே வந்துவிடும்.

சொல்வதில் குழப்பம் வரக் கூடாது என்ற இந்த ஒழுங்கு துறைமுகத்துக் கிரேன் வேலையில் பழைய பழக்கம். ஒரு லோடுக்குக் கை சைகை காட்ட ஒரே ஆள், ஒரே சிக்னல்மேன். ஆட்காட்டி விரலை மேலே நீட்டிச் சிறு வட்டம் போட்டால் தூக்கு, கீழே நீட்டி வட்டம் போட்டால் இறக்கு. வேறு யார் கை காட்டினாலும் ஆபரேட்டர் பார்க்கக் கூடாது. 'நிறுத்து' மட்டும் விதிவிலக்கு. அதை யார் காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும்.

வாக்கி டாக்கியில் தமிழ் பேசும்போது தனியாக ஒரு சிக்கல் உண்டு. நம் மொழியில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். "லோடைத் தூக்க வேணாம்" என்று சொல்லும்போது விரல் பட்டனை அரை நொடி முன்னால் விட்டுவிட்டால், எதிர்முனையில் கேட்பது "லோடைத் தூக்க". அதனால் தடுக்க வேண்டியதை மறுப்பாகச் சொல்லவே கூடாது. "ஸ்டாப், ஸ்டாப்" என்று முதலில் சொல்லுங்கள், காரணம் அப்புறம். பட்டனை அழுத்தி ஒரு நொடி விட்டுப் பேசுங்கள், பேசி முடித்து ஒரு நொடி கழித்து விடுங்கள். எண்களை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்வது நல்லது: இரைச்சலில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்றுபோலக் கேட்கும், ஒன்-ஃபைவ் என்றால் குழம்பாது.

இதே பழக்கம் வீட்டிலும் வேண்டும், முக்கியமாக மருந்து விஷயத்தில். சீட்டில் 1-0-1 என்றால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. "புரிஞ்சுதா பாட்டி?" என்றால் எந்தப் பாட்டியும் புரியவில்லை என்று சொல்லமாட்டார். "நான் சரியாச் சொன்னேனான்னு பாத்துக்கறேன் பாட்டி, இந்த மாத்திரைய எப்ப எப்ப போடுவீங்க, சொல்லுங்க" என்று கேளுங்கள். சோதனை நமக்குத்தான், அவருக்கு இல்லை என்பதால் மனம் கோணாது. ரயிலுக்கும் இதுதான்: டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.20 என்றிருந்தால் 14ஆம் தேதி ராத்திரியே சென்ட்ரலில் இருக்க வேண்டும். கூட வருகிறவரிடம் "14ஆந்தேதி சாப்பிட்டுட்டு நேரா ஸ்டேஷன்" என்று சொல்லி, அவர் வாயாலும் அதைக் கேட்டுவிடுங்கள்.

இரவு ஷிப்ட் முடித்து ஏழு மணிக்கு வீடு வந்தவரிடம் ஸ்கூல் ஃபீஸ் பற்றி ஆரம்பிக்காதீர்கள். "உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்று மொட்டையாகச் சொல்லிவிட்டுப் போவது அதைவிட மோசம், அவர் தூங்கவே மாட்டார். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஃபீஸ் விஷயம் பேசலாம், இப்பத் தூங்குங்க" என்றால் விஷயமும் நேரமும் தெரிந்துவிட்டது. சண்டையிலும் "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்பதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. "செவ்வாய்க்கிழமை சிலிண்டர் புக் பண்றேன்னு சொன்னீங்க, பண்ணல, நேத்து தீந்துடுச்சு" என்பதற்கு முடியும்.

இதெல்லாம் தெரிந்தும் நடக்காமல் போவதற்குப் பெரிய காரணம் நம் மரியாதை. இருபது வருஷ சர்வீஸ் உள்ள ஃபோர்மேனிடம் "திரும்பச் சொல்லுங்க" என்று கேட்கப் புதுப் பையனுக்கு வாய் வராது. அதைக் கேட்க வைக்கும் பொறுப்பு ஃபோர்மேனுடையது. காலையில் வேலை தொடங்கும் முன் பாதுகாப்பு பற்றிப் பேசும் டூல்பாக்ஸ் டாக் முடிந்ததும் கூட்டத்தில் புதியவரைத்தான் முதலில் கேட்க வேண்டும். அவர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த கான்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்தால் தமிழுக்கும் தலையாட்டுவார், அரைகுறை இந்திக்கும் தலையாட்டுவார். அவரிடம் வார்த்தை கேட்க வேண்டாம். எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் எது, வெளியே போகும் கேட் எது என்று அவரையே கூட்டிப்போய்த் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். தப்பான இடத்துக்குப் போனால், அன்றைக்கு வேலை அரை மணி தாமதமானாலும் மறுபடி முதலிலிருந்து சொல்லுங்கள்.