விளிம்பில் நின்ற பாண்டூன்: ஹைட்ரோடைனில் செவ்வக உறுப்பைச் சேர்த்த அனுபவம்

மிதக்கும் காற்றாலையை ஓப்பன்ஃபாஸ்ட் என்ற கணினி மென்பொருளில் மாதிரியாக்கும் பலரைப் போல நானும், மிதவையின் தூண்களை நீருக்கடியில் இணைக்கும் பெட்டிகளான செவ்வகப் பாண்டூன்கள் இருக்க வேண்டிய இடத்தில் அதே குறுக்குவெட்டுப் பரப்புள்ள உருளைகளை வைத்துக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். என்னிடம் இருந்த 3.5 பதிப்பில், நீர் தரும் விசைகளைக் கணக்கிடும் பகுதியான ஹைட்ரோடைனில் உறுப்பு (மிதவையின் ஒரு துண்டு) என்றால் வட்டக் குறுக்குவெட்டு மட்டும்தான். "கன அளவு சரியாக வந்தால் போதாதா?" என்று எங்கள் குழுவின் மூத்தவர் ஒருவர் கேட்டதை நம்பி ஓராண்டை வீணாக்கிய எரிச்சல் இன்னும் தணியவில்லை.

நான் சோதனைக்கு எடுத்துக்கொண்டது, சர்வதேச எரிசக்தி முகமையின் (ஐஇஏ) 15 மெகாவாட் ஒப்பீட்டு மாதிரிச் சுழலிக்காக 2020இல் அறிக்கையாக வெளியான மெய்ன் பல்கலைக்கழகத்தின் வோல்டர்ன்யூஎஸ்-எஸ் மிதவை. அதன் பாண்டூன் 12.5 மீட்டர் அகலமும் 7 மீட்டர் உயரமும் கொண்டது, பரப்பு 87.5 சதுர மீட்டர், சமப்பரப்பு உருளையின் விட்டம் 10.56 மீட்டர். ஹீவ் எனப்படும் மேல்-கீழ் அசைவில் அந்த உருளை ஒரு மீட்டர் நீளத்துக்கு 87.5 கன மீட்டர் நீரையே கூடுதல் நிறையாக, அதாவது தன்னோடு சேர்ந்து முடுக்க வேண்டிய நீராக, சுமக்கும். கடல்சார் கட்டமைப்புகளுக்கான வழிகாட்டி ஆவணமான டிஎன்வி-ஆர்பி-சி205இன் அட்டவணையிலிருந்து செவ்வகத்துக்கான கெழுவை எடுத்தால் அது ஏறத்தாழ 170 ஆகிறது; பக்கவாட்டிலோ 65தான். ஒரு திசையில் பாதியையும் மறுதிசையில் மூன்றிலொரு பங்கு மிகையையும் தரும் உருளையை எந்த விட்டத்தை மாற்றியும் சரிசெய்ய முடியாது என்பதால்தான் நிரலிலேயே கைவைத்தேன். அந்த அட்டவணையின் கெழுக்கள், ஓட்டத்தை எதிர்கொள்ளும் பக்கத்தை விட்டமாகக் கொண்ட வட்டத்தின் பரப்பால் பெருக்கப்பட வேண்டியவை. செவ்வகத்தின் பரப்பால் பெருக்கினால் விடை வேறாகிவிடும், எச்சரிக்கை எதுவும் வராது.

முதல் இரண்டு நாள்கள் வெறும் அறியாமையால் போயின. ஓப்பன்ஃபாஸ்டில் தரவு வகைகளை ரெஜிஸ்ட்ரி என்ற உரைக் கோப்பில் எழுதினால், அதிலிருந்து நிரல்மொழியான ஃபோர்ட்ரானில் ஒரு கோப்பு தானாக உருவாக்கப்படும். பக்க நீளங்களையும் சுழற்சிக் கோணத்தையும் நான் அதில் சேர்த்தேன். ஆனால் நிரலைத் தொகுக்க உதவும் சிமேக் கருவியில் வகைகளை மீண்டும் உருவாக்கும் விருப்பத்தை இயக்கவில்லை. தொகுப்பி ஒவ்வொரு முறையும் அப்படி ஒரு மாறியே இல்லை என்று மறுத்தது. நானோ எழுத்துப்பிழையைத் தேடிக்கொண்டிருந்தேன். உருவான கோப்பைக் கையால் திருத்தும் ஆசை அப்போது வரும். அதற்கு இணங்காதீர்கள், அடுத்த உருவாக்கத்தில் அத்தனையும் அழிந்துவிடும். உள்ளீட்டுக் கோப்பும் வரிசை மாறாமல் படிக்கப்படுவது. ஓர் அட்டவணையை நடுவில் செருகியதும் பழைய மாதிரிகள் அத்தனையும் படிக்க மறுத்தன.

தொகுத்து ஓட்டிய முதல் முறை மிதவை ஆறரை மீட்டர் மேலெழுந்து நின்றது. பாண்டூன்களைத் தூண்களின் மைய அச்சிலிருந்து மைய அச்சு வரை நீட்டியிருந்ததால், தூண்களுக்குள் புதைந்த பகுதியின் மிதப்பும் இரண்டாம் முறை கணக்கில் சேர்ந்துவிட்டது. ஏறத்தாழ 3,000 டன் மிகை. தூண்களின் மேற்பரப்பு வரை வெட்டியதும் நீர்மட்டம் ஓரளவு சரியானது. அப்போதும் மெய்ன் பல்கலைக்கழக அறிக்கையில் உள்ள 20,206 கன மீட்டருக்குச் சில நூறு குறைந்தது. 12.5 மீட்டர் அகலப் பாண்டூன் 10 மீட்டர் விட்ட நடுத்தூணிலும் வெளித்தூண்களிலும் வந்து சேரும் வளைந்த இடைவெளிகளே அந்தக் குறை என்று காகிதத்தில் வரைந்து பார்த்த பிறகே விளங்கியது. அதனைத் தனி மிதப்பாகச் சேர்த்துக்கொண்டேன்.

உண்மையான அடி அதன் பிறகு விழுந்தது. கன அளவு பொருந்தியது, மிதப்பு பொருந்தியது, பழைய வட்ட உறுப்புச் சோதனைகளும் தேறின. ஆனால் மிதவையை அழுத்திவிட்டு ஆட விட்டால் அது 16 விநாடிக்கு ஒருமுறை ஆடியது. அறிக்கை தரும் ஹீவ் அதிர்வெண் 0.049 ஹெர்ட்ஸ், அதாவது சற்றேறக்குறைய 20 விநாடி. உருளைகளை வைத்தாலே 17 விநாடிக்கு அருகில் வரும்போது, செவ்வகம் அதைவிட மோசமான விடையைத் தந்தால் யாருக்கு மனம் தாங்கும்? கெழுக்களை ஒரு வாரம் குடைந்தேன்.

குற்றம் அங்கே இல்லை. வட்டக் குறுக்குவெட்டில் மேற்புறம் எது, பக்கவாட்டு எது என்ற கேள்வியே கிடையாது. இரு முனைகள் தெரிந்தால் போதும். ஏற்கெனவே நிரலில் இருந்த உள்ளூர் அச்சுத்தொகுதியின் முதல் அச்சு, செங்குத்து உறுப்பில் கிடைமட்டமாகவும், கிடைமட்ட உறுப்பில் நேர் கீழ்நோக்கியும் அமைந்திருந்தது. 12.5 மீட்டரை அந்த முதல் அச்சுக்குக் கொடுத்து மூன்று பாண்டூன்களையும் விளிம்பில் நிறுத்திவைத்திருந்தேன். 12.5ஐ 7ஆல் பெருக்கினாலும் 7ஐ 12.5ஆல் பெருக்கினாலும் பரப்பு ஒன்றே என்பதால் கன அளவுச் சோதனை எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. சுழற்சிக் கோணத்தில் 90 என்று எழுதி ஓட்டினேன். பத்தொன்பதரை விநாடி. நள்ளிரவு என்பதையும் மறந்து மேசையைத் தட்டிவிட்டேன்.

இதில் இறங்குவோர் முதலில் ஒரே ஒரு கிடைமட்டப் பெட்டியை மட்டும் நீருக்கடியில் வைத்து, மேல்-கீழாகவும் பக்கவாட்டிலும் தனித்தனியே முடுக்கி, இரு விசைகளையும் கைக்கணக்கோடு ஒப்பிட்டுவிடுங்கள். பத்து நிமிட வேலை. நீர்மட்டத்தைச் சாய்வாக வெட்டிச் செல்லும் செவ்வக உறுப்பை நான் இன்னும் தொடவில்லை. என் பாண்டூன்களின் மேற்பரப்பு 13 மீட்டர் ஆழத்தில் இருப்பதால் தேவைப்படவில்லை. அப்படி ஓர் உறுப்பு உள்ளீட்டில் வந்தால் ஓட்டத்தையே நிறுத்திவிடும்படி ஒரு வரியை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.