ஆம்ப்ளிஃபயரின் மின்கணக்கு: ஒரு நாட்குறிப்பு

2 மார்ச் 2024

சேனலுக்கு 50 வாட் என்று கணக்கிட்டு நான் கட்டிய கிளாஸ் ஏபி ஆம்ப்ளிஃபயரை (அலையின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் தனித்தனி டிரான்சிஸ்டர்கள் கடத்தும், நடுவில் சற்றே இரண்டும் சேர்ந்து இயங்கும் வகை) இன்று முதன்முறையாக வாட்மீட்டர் வழியாக இணைத்தேன். எந்த இசையும் ஓடாமல் சும்மா இருக்கும்போதே அது 24 வாட் இழுக்கிறது. வழக்கமாகக் கேட்கும் ஒலியளவில் இசையை ஓடவிட்டால் மீட்டர் 25 வாட்டைச் சற்றே தாண்டுகிறது. அந்நேரத்தில் ஸ்பீக்கர்கள் இரண்டுக்கும் சேர்த்துச் சராசரியாகச் செல்வதோ அரை வாட் அளவுதான். வாங்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கே ஸ்பீக்கரை அடைகிறது. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் தரும் ஸ்பீக்கர், தான் பெற்றதில் ஏறத்தாழ 0.4 விழுக்காட்டையே ஒலியாக மாற்றும் என்பதால், அறையை நிறைக்கும் இசை உண்மையில் இரண்டு மில்லிவாட் அளவுதான்.

5 மார்ச் 2024

ஒரு சேனலில் 8 ஓம் மின்தடையைச் சுமையாக மாட்டி, சைன் அலை கொடுத்து அளந்தேன். முழு வெளியீடான 49 வாட்டுக்கு மின்வழங்கியின் நேர்மின் (DC) இணைப்புகளிலிருந்து, அதாவது + பக்கம், − பக்கம் இரண்டிலிருந்தும், 71 வாட் சென்றது; பயனுறுதிறன் (வாங்கியதில் வெளியே கொடுக்கும் பங்கு) 69 விழுக்காடு. இரு பாதிகளும் சேர்ந்து இயங்காத கிளாஸ் பி சுற்றுக்குக் கோட்பாட்டு உச்சம் 78.5 விழுக்காடு என்பதால் இது குறைவான எண்ணன்று. ஆனால் வெளியீட்டை 6 வாட்டாகக் குறைத்ததும் பயனுறுதிறன் 23 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது டிரான்சிஸ்டர்களின் வெப்பத்தை வெளியேற்றும் ஹீட் சிங்க்தான். 49 வாட் கொடுக்கும்போது டிரான்சிஸ்டர்களில் வீணாகும் வெப்பம் 22 வாட். 6 வாட் கொடுக்கும்போதும் ஏறத்தாழ 21 வாட். நடுவில், 28 வாட் வெளியீட்டில், அது 27 வாட்டுக்கு மேல் ஏறுகிறது. அலையின் உச்சம் மின்னழுத்த எல்லைக்குக் கீழே எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவு மின்னழுத்தத்தை டிரான்சிஸ்டர் தன்மேல் தாங்கிக்கொண்டு மின்னோட்டத்தைக் கடத்த வேண்டியிருப்பதே காரணம். இசையின் சராசரி எப்போதும் அதன் உச்சங்களுக்கு வெகு கீழேதான் இருக்கும். ஆகவே முழு வெளியீட்டில் அளந்த பயனுறுதிறனை மட்டும் அச்சிடும் விவரத்தாள், கேட்பவருக்குத் தேவையான செய்தியைச் சொல்வதில்லை என்றே கருதுகிறேன்.

8 மார்ச் 2024

இன்று மின்வழங்கி. டிரான்ஸ்ஃபார்மரைத் தனியே இணைத்தபோது, சுமையே இல்லாமல் 6 வாட் போயிற்று. இது உள்ளகத்தின் இரும்பு இழப்பு, இரவும் பகலும் மாறாதது. சுமை ஏறியதும் வேறொரு இழப்பு சேர்கிறது. மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ரெக்டிஃபையருக்குப் பின்னுள்ள, மின்னேற்றத்தைச் சேமிக்கும் பெரிய கெபாசிட்டர்கள், அலையின் உச்சியருகே இரண்டு மூன்று மில்லிவினாடிகள் மட்டுமே மின்னேற்றம் பெறுகின்றன. அந்தக் குறுகிய நேரத்திலேயே முழு மின்னோட்டமும் பாய வேண்டியிருப்பதால், சுருள்களில் ஆர்எம்எஸ் மின்னோட்டம் (வெப்பத்தை நிர்ணயிக்கும் சராசரி) நேர்மின்னோட்டத்தைப் போல 1.7 மடங்கு ஆகிறது. செம்புச் சுருளின் இழப்பு அதன் வர்க்கத்தைப் பொறுத்தது, அதாவது ஏறத்தாழ 3 மடங்கு. திறன் காரணி (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிவரும் அளவில் உண்மையான வாட்டின் பங்கு) 0.67தான். கெபாசிட்டரைப் பெருக்கிக்கொண்டே போவது நல்லது என்று முன்பு நம்பியிருந்தேன். அது இந்தத் துடிப்புகளை இன்னும் கூர்மையாக்கும்.

13 மார்ச் 2024

டிரான்சிஸ்டர்களை வேகமாகத் திறந்து மூடி இயக்கும் கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர் தகடு ஒன்றை, அதே முறையில் இயங்கும் ஸ்விட்சிங் மின்வழங்கியுடன் சோதித்தேன். முழு வெளியீட்டில் சுவரிலிருந்து ஸ்பீக்கர் வரை 85 விழுக்காட்டைத் தாண்டியது. சும்மா இருக்கும்போது 5 வாட்: மாஸ்ஃபெட் எனும் டிரான்சிஸ்டர்களின் கேட் முனைகளை ஓயாமல் ஏற்றி இறக்குவதற்கும், வெளியீட்டு வடிகட்டியில் சுழலும் சிற்றலை மின்னோட்டத்துக்கும் ஆகும் செலவு இது. ஆகவே அரை வாட் இசைக்கு இதுவும் பத்து விழுக்காட்டை எட்டவில்லை, ஆனாலும் ஐந்தில் ஒரு பங்கு செலவில் வேலை முடிகிறது. கவனிக்க வேண்டிய ஒன்று: இது ஒவ்வொரு சேனலுக்கும் இரண்டு டிரான்சிஸ்டர்களே கொண்ட அரைப்பாலச் சுற்று என்பதால், தாழ்ந்த அதிர்வெண்ணில் வெளியீட்டு வடிகட்டியின் சுருளிலிருந்து திரும்பும் ஆற்றல் மின்வழங்கியின் மறுபக்க இணைப்பின் மின்னழுத்தத்தை உயர்த்துகிறது. 20 ஹெர்ட்ஸில் அந்த ஏற்றத்தைத் தெளிவாகக் கண்டேன். ஒரு சேனலுக்குச் செல்லும் அலையின் கட்டத்தை (phase) தலைகீழாக்கி, அதன் ஸ்பீக்கர் கம்பிகளையும் மாற்றி இணைத்ததும், ஒரு சேனல் திருப்பியனுப்புவதை மற்றது எடுத்துக்கொண்டு ஏற்றம் வெகுவாகத் தணிந்தது.

17 மார்ச் 2024

பழைய ஆம்ப்ளிஃபயரைக் கைவிட மனமில்லை. பயாஸ் மின்னோட்டத்தை (சும்மா இருக்கும்போதும் டிரான்சிஸ்டர்களில் ஓடுவது) 100 மில்லியாம்பியரிலிருந்து 40க்குக் குறைத்தால் 8 வாட் மிச்சமாகிறது; ஆனால் மெல்லிய ஒலியில், அலை ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்கு மாறும் இடத்தில் கிராஸ்ஓவர் சிதைவு எழுகிறது. நாம் மிகுதியாகக் கேட்கும் இடத்திலேயே ஒலியைக் கெடுக்கும் சிக்கனம் எனக்கு வேண்டாம். பயாஸைப் பழைய நிலைக்கே திருப்பிவிட்டேன்.

23 மார்ச் 2024

±35 வோல்ட் மின்வழங்கியை ±22 வோல்ட்டாக மாற்றி, சிறிய டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மரைப் பொருத்தினேன். சும்மா இருக்கும்போது இப்போது 14 வாட். உச்ச வெளியீடு 49லிருந்து 17 வாட்டாகக் குறைந்தது. காதுக்கு அது 4.6 டெசிபல். நான் கேட்கும் ஒலியளவில் அலையின் உச்சம் 8 வோல்ட்டைத் தாண்டியதை அலைக்காட்டியில் இதுவரை பார்க்கவில்லை.