காலுக்குக் கட்டம் உண்டா?

"இருளே வா என்றால் கிடைக்கும் இனிப்பு (3)."

குறுக்கெழுத்துப் புதிருக்காக நான் எழுதிய இந்தக் குறிப்பை (அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்துக் கணக்கு) அண்ணாச்சியிடம் நீட்டியபோது அவர் டீ கிளாஸைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அல்வாவாவே? திருநெல்வேலிக்காரனுக்கே அல்வாவா?" என்று சிரித்தார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஒரு நாளாவது யோசிப்பார் என்று நினைத்திருந்தேன். அல் என்றால் இரவு, இருள். அல்லும் பகலும் என்கிறோமே, அந்த அல். கூடவே ஒரு 'வா'. ரதவீதியில் சாயங்காலம் இருட்டும்போது திறக்கிற கடையில் வரிசையில் நின்றவர்களுக்கு அந்தக் குறிப்பு கூடுதலாகவே இனிக்கும் என்று ஒரு ஆசை.

ஆனால் அண்ணாச்சி விடையைச் சொல்லிவிட்டு அதோடு விடுகிற ஆள் இல்லை. "அந்த 'ஏ' என்ன வேலை பாக்கு?" என்று கேட்டார்.

எந்த ஏ?

"இருளே-ங்கீரே, அந்த ஏ. அல்லுக்கு இருள் போதும். வாவுக்கு வா. ஏ சும்மா நிக்கி."

நான் அசை, விளி என்று ஏதோ சொல்லிப் பார்த்தேன். பாட்டில் அசை வரலாம், குறிப்பில் சும்மா நிற்கிற எழுத்துக்குச் சம்பளம் கிடையாது என்று முடித்துவிட்டார். அதோடு சரி. வீட்டுக்கு வந்து 'இருட்டில் வா', 'இருள், வா' என்று மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன், ஏ இருந்தபோது இருந்த அழைப்பு எதிலும் வரவில்லை. இன்னும் ஏவோடுதான் வைத்திருக்கிறேன்.

அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் ஒரு அச்சகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் அச்சுக்கோத்தவர். ஈய எழுத்தைத் தலைகீழாகவே வாசித்துப் பழகிய கண். அச்சகத்துக்கு வரும் ஆங்கிலப் பேப்பரில்தான் கிரிப்டிக் குறுக்கெழுத்தைப் பிடித்தாராம். இந்து பேப்பரில் 1971-இல் அது தொடங்கியபோது புதிர் அமைத்தவர் அட்மிரல் கடாரி, நம் கடற்படைக்குத் தலைமை தாங்கிய முதல் இந்தியர். இதைச் சொல்லும்போதெல்லாம் அண்ணாச்சிக்கு ஒரு பெருமை. "கப்பலை ஓட்டுன மனுசன்வே, கட்டத்தையும் ஓட்டிட்டாரு."

நான் வந்த வழி வேறு. சின்ன வயதில் வார இதழ்களில் வரும் தமிழ்க் குறுக்கெழுத்து. அதில் குறிப்பு நேராக இருக்கும், விடைதான் கோணலாக இருக்கும். 'தசரதன் மனைவி (திரும்பியுள்ளாள்)', 'வாசமுள்ள பூ (கலைந்துள்ளது)', 'கீழிருந்து மேலாக ஒரு பறவை' என்று அடைப்புக்குள் சேதி வரும். கட்டத்துக்குள் சொல் அடங்காதபோது புதிர் அமைத்தவர் செய்துகொண்ட சமாளிப்பு அது என்பது அப்போது எனக்குத் தெரியாது, கைகேயி எதற்காகத் திரும்பி நிற்கிறாள் என்று உண்மையாகவே யோசித்திருக்கிறேன். கிரிப்டிக்கில் நிலைமை தலைகீழ். விடை நேராக உட்காரும், கோணல் எல்லாம் குறிப்புக்குள். குறிப்பின் ஒரு முனையில் விடையின் பொருள் இருக்க வேண்டும், மிச்சத்தில் விடையைக் கட்டுகிற வழி இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து படிக்கும்போது வேறு ஏதோ ஒரு கதை சொல்ல வேண்டும். இவ்வளவுதான் விளையாட்டு.

இந்த விளையாட்டுக்கு வெள்ளைக்காரர்கள் சண்டை போட்டுச் சட்டம் எழுதியிருக்கிறார்கள். முதல் குறுக்கெழுத்து 1913 டிசம்பர் 21-இல் நியூயார்க் வேர்ல்டு பத்திரிகையில் ஆர்தர் வின் போட்டது, அது சாதாரணப் புதிர்தான். கிரிப்டிக் வளர்ந்தது இங்கிலாந்தில். அங்கே 1920-களில் டார்க்கிமாடா என்ற பேரில் ஒருவர் யாரும் அவிழ்க்க முடியாதபடி போட்டுத் தள்ள, அவருக்குப் பின்னால் வந்த க்ஸிமெனஸ் என்பவர் நியாயம் பேசினார், குறிப்பில் ஒரு சொல்கூட வீணாக நிற்கக் கூடாது, இலக்கணம் பிசகக் கூடாது என்றார். அண்ணாச்சி என் ஏவைப் பிடித்தது இந்தச் சட்டத்தில்தான். டார்க்கிமாடா, க்ஸிமெனஸ் இரண்டுமே ஸ்பெயினில் சமய விசாரணை என்று ஆட்களை வதைத்த அதிகாரிகளின் பேர்கள். புனைபெயர் வைக்கும்போதே என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அஃப்ரிட் என்று இன்னொருவர், அவர் சொன்னதைத்தான் நான் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: புதிர் அமைப்பவன் தான் சொல்வதை அப்படியே நினைத்திருக்க வேண்டியதில்லை, ஆனால் நினைத்ததைச் சொல்லியாக வேண்டும்.

எதிர்க்கட்சியும் உண்டு. கார்டியனில் அராகேரியா என்ற பேரில் எழுதிய ஜான் கிரஹாம் என்ற பாதிரியார் சட்டத்தை அவ்வளவாகக் கண்டுகொள்ள மாட்டார், சுவை இருந்தால் வளைத்துவிடுவார். 2013 ஜனவரியில் தனக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் என்பதையே ஒரு புதிரின் விடைகளாக வைத்து வாசகர்களுக்குச் சொன்னார். அந்த வருஷம் நவம்பரில் இறந்தும் போனார். இதை நான் சொன்னபோது அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அவருக்கு ஏ போட்டுக்கிடலாம்வே" என்றார்.

சரி, நம் ஊருக்கு வருவோம். நான் எழுதியதில் எனக்கே பிடித்த ஒன்று இது.

"படை நடுவே தலையும் காலும் இழந்த உத்தமனுக்குப் பாய் விரித்த ஊர் (5)."

உத்தமனில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் போனால் 'த்தம'. அதைப் படைக்கு நடுவே வைத்தால் பத்தமடை. கோரைப்பாய்க்குப் பேர்போன, சேரன்மாதேவிக்குப் பக்கத்து ஊர். இதற்கு அண்ணாச்சி ஒரு நாள் எடுத்துக்கொண்டார், அதிலேயே எனக்குப் பாதி வெற்றி. மறுநாள் வந்து விடையைச் சொன்னவர் 'பாய் விரித்த' என்பதில் நின்றுகொண்டார். பத்தமடைக்காரன் பாய் முடைவான், விரிப்பவன் வாங்கிக்கொண்டு போனவன். 'பாய் முடைந்த ஊர்' என்று எழுதும் என்றார். எழுதலாம்தான். ஆனால் போர்க்களத்தில் விழுந்தவனுக்கு ஊர் பாய் முடைந்துகொண்டிருந்தால் கதை கெட்டுவிடாதா? அடிபட்டுக் கிடப்பவனுக்கு முதலில் விரிக்கத்தானே வேண்டும்? உலகத்துக்கே பாய் விரித்த ஊர் என்று சொன்னால் யார் மறுப்பார்கள்? இந்த ஒரு சொல்லுக்கு ரெண்டு டீ ஆனது.

அவர் அவிழ்த்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. குறுக்கே போகிற சொல்லிலிருந்து இரண்டாம் கட்டத்தில் 'த்' கிடைத்துவிட்டதாம். கிடைத்தால்? தமிழ்ச் சொல்லில் க், ச், த், ப் நாலுக்கும் பின்னால் அதன் இனத்தைத் தவிர வேறு எதுவும் வராது, மெய்ம்மயக்கம் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்தோமே, அதுதான். ஆக மூன்றாம் கட்டத்தில் த, தா, தி வரிசையில்தான் ஏதாவது ஒன்று. ஆங்கிலத்தில் ஒரு கட்டத்துக்கு 26 எழுத்துதான் போட்டி, நமக்கு 247. அதனால் தமிழில் அவிழ்ப்பது கஷ்டம் என்று பொதுவாகச் சொல்வார்கள், நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு புள்ளி எழுத்து கையில் கிடைத்தால் போதும், நன்னூல் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அமைப்பவனுக்குத்தான் வலி, புள்ளி எழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது, ஆகவே மேல் ஓரத்தில் 'ட்' வந்துவிட்டால் அந்தக் கட்டத்திலிருந்து கீழே ஒன்றும் இறங்காது. ரப்பர் தேய்ந்ததெல்லாம் அங்கேதான்.

இந்தச் சட்டமெல்லாம் இறக்குமதிதானே என்று ஒரு நாள் கேட்டேன். அண்ணாச்சி மறுநாள் அட்டை போன தண்டியலங்காரத்தை, பழைய அணியிலக்கண நூல் அது, எடுத்துக்கொண்டு வந்துவிட்டார், அவர் காலத்தில் அச்சுக்கோத்த பாடநூல் ஒன்றின் மிச்சம். சித்திரகவி, அதாவது எழுத்தை வைத்து விளையாடும் பாட்டு, அதன் வகைகளின் பட்டியல் அதில் இருக்கிறது. எழுத்து வருத்தனம், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக்கொண்டே போவது. அக்கரச்சுதகம், ஒவ்வொன்றாகக் குறைப்பது. கரந்துறைச் செய்யுள், ஒரு பாட்டுக்குள் இன்னொன்றை ஒளிப்பது. மாலைமாற்று, எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் ஒன்று. என் உத்தமனின் தலையையும் காலையும் எடுக்க நான் லண்டன் வரை போயிருக்க வேண்டியதில்லை.

அதில் வினாவுத்தரம் என்று ஒன்று. எடுத்துக்காட்டாக வருகிற பாட்டு வரிசையாகக் கேள்வி கேட்கிறது. பூமகள் யார்? திரு. போகிறவனை ஏவுகிறவன் என்ன சொல்வான்? ஏகு. போரிடும் சரத்துக்குப் பேர் என்ன? அம்பு. அழகுக்குப் பேர்? அம். பிறைசூடிய பெருமான் விரும்பித் தங்கும் இடம் எது? திரு, ஏகு, அம்பு, அம் நாலையும் சேர்த்தால் திருவேகம்பம். காஞ்சிபுரத்து ஏகாம்பரநாதர் கோயில். துண்டு துண்டாகச் சொல்லைக் கட்டி, கடைசியில் முழுச் சொல்லின் பொருளையும் கொடுத்துவிடுகிறது. இதைவிட ஒழுங்கான கிரிப்டிக் குறிப்பு உண்டா? படித்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது, டீக்கடைக்காரர் என்ன என்று கேட்டார்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். திருவுக்கும் ஏகுவுக்கும் நடுவே ஒரு 'வ்' புதிதாக முளைத்திருக்கிறது, ஏகு, அம்பு இரண்டிலும் கடைசி உகரம் காணாமல் போயிருக்கிறது. க்ஸிமெனஸ் பார்த்தால் சிவப்பு மையால் அடிப்பார், எழுத்து கூடுவதையும் குறைவதையும் குறிப்பில் சொல்ல வேண்டாமா? "சொல்ல வேண்டாம்," என்றார் அண்ணாச்சி. "புணர்ச்சி தெரிஞ்சவனுக்கு அது தெரியும். தெரியாதவனுக்குத் திருவும் ஏகுவும் பக்கத்துல பக்கத்துல நின்னாலும் சேராது." என் ஏவுக்கு இரக்கம் காட்டாதவர் இங்கே வாரி வழங்குகிறாரே என்று எனக்குக் கோபம். ஆனால் யோசித்தால் அவர் சொல்வது சரிதான். புணர்ச்சி நான் வைக்கிற தந்திரம் இல்லை, நீரும் நானும் பேசும்போதே வாயில் நடப்பது. ஏ அப்படி இல்லை, அது என் வசதிக்கு வந்தது.

இந்தத் தெம்பில்தான் போன சனிக்கிழமை இதைக் கொண்டுபோனேன்.

"கால் நகராமல் காதத்தில் இருவர் இடம் மாற, தண்ணீர் கேட்கும் (3)."

காதம். கால், அதாவது கா-வில் க-வுக்குப் பக்கத்தில் நிற்கிற துணைக்கால், இருக்கிற இடத்தில் இருக்க, க-வும் த-வும் இடம் மாறினால் தாகம். ஒரு காதம் நடந்தவனுக்கு வருவதும் தாகம்தான். எனக்கு இதில் அவ்வளவு திருப்தி, சந்திப்பிலிருந்து பாளை வரும்வரை பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

அண்ணாச்சி உடனே விடையைச் சொன்னார், உடனே செல்லாது என்றும் சொன்னார். காதத்தில் இருப்பது கா, த, ம். தாகத்தில் இருப்பது தா, க, ம். கா வேறு எழுத்து, க வேறு எழுத்து, எதை எப்படிக் கலைத்தாலும் கா-விலிருந்து க வராது. நான் விடவில்லை. "அண்ணாச்சி, நீங்க அச்சுக்கோத்தப்போ க தனி, கால் தனி, த தனின்னுதானே எடுத்து அடுக்குனீங்க? நாலு ஈயத் துண்டு. அதே நாலையும் மாத்தி வச்சா தாகம் வரும்லா?" என்றேன். ஒரு நிமிஷம் மடக்கிவிட்டதாகவே நினைத்தேன்.

அவர் முதலில் சரித்திரம் பேசினார். 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவரும் முன்பு ணா, றா, னா மூன்றுக்கும் தனிக் கால் கிடையாது, எழுத்தோடு சுழித்துக்கொண்டு ஒரே துண்டாக வரும், ஆக உம் சட்டம் எழுத்துக்கு எழுத்து மாறும், வருஷத்துக்கு வருஷம் மாறும், அப்படி ஒரு சட்டம் எதுக்குவே என்றார். தாகத்தில் றா-வும் இல்லை னா-வும் இல்லையே என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

நேற்று வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே விரல் நகத்தைவிடச் சின்னதாக, மை ஏறிக் கறுத்த ஒரு ஈயத்துண்டு. வெறும் கால். அச்சகத்தை மூடியபோது எடுத்து வைத்ததாம். என் நோட்டில் மூன்று கட்டம் போட்டிருந்த இடத்தைக் காட்டி, "இதை எந்தக் கட்டத்துல தனியா வைப்பீரு? வையும் பாப்போம்" என்றார்.

வைக்க இடம் இல்லை. கா-வுக்கு ஒரு கட்டம், த-வுக்கு ஒன்று, ம்-முக்கு ஒன்று. கோடு போட்டது நான்தான்.

அவர் போன பிறகு குறிப்பை அடித்துவிட்டேன். பென்சிலால்தான்.