குவாவுட்லா முற்றுகை: மொரேலோஸ் தாக்குப்பிடித்த 72 நாட்கள்

மெக்சிகோவின் விடுதலைப் போர் என்றதும், 1810 செப்டம்பர் 16 அதிகாலையில் டோலோரெஸ் ஊரில் பாதிரியார் மிகேல் இடால்கோ மக்களைத் திரட்டியதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பெருங்கூட்டம் நான்கே மாதத்தில், 1811 ஜனவரி 17 அன்று, கால்தெரோன் பாலத்தருகே ஸ்பானியப் படையிடம் சிதறிப்போனது. வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்தது, காய்ந்த புல் பற்றிக்கொண்டது, புகையெல்லாம் இடால்கோவின் ஆட்கள் பக்கமே வந்தது. ஆள்பலம் பல மடங்கு இருந்தும் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு. கலைந்தவர்களை மறுபடி அணிசேர்க்கப் பயிற்சியும் கிடையாது.

இடால்கோவிடம் அனுமதி பெற்று சுமார் 25 பேரோடு தெற்கே கிளம்பியிருந்த இன்னொரு பாதிரியார் ஹோசே மரியா மொரேலோஸ், வேறு வழியில் போனார். ஆயுதமும் சோறும் கொடுக்க முடிந்த அளவுக்கே ஆள் சேர்த்தார். அந்தப் படை எவ்வளவு உறுதியானது என்பது 1812இல், அவர் படையோடு தங்கியிருந்த குவாவுட்லா ஊரில் தெரிந்தது.

கால்தெரோனில் வென்ற அதே ஸ்பானியத் தளபதி கயேஹா, பிப்ரவரி 19 அன்று நேரடியாக ஊருக்குள் புகப் பார்த்தார். தெருக்களில் தடுப்பரண்கள்; மடாலயங்களிலும் வீடுகளிலும் துப்பாக்கியோடு ஆட்கள். சில மணி நேரச் சண்டையில் அவருடைய படை பலத்த இழப்போடு பின்வாங்கியது. ஓடாமல் நிற்கும் எதிரியை அவர் எதிர்பார்க்கவில்லை. பிறகுதான் ஊரைச் சுற்றி வளைத்து, பீரங்கியால் அடித்து, பட்டினி போட முடிவெடுத்தார்.

முற்றுகையில் பீரங்கியைவிடத் தண்ணீர்தான் பெரிய ஆயுதம். ஹுச்சிதெங்கோவிலிருந்து ஊருக்கு வந்த நீரை ஸ்பானியர்கள் அடைத்துவிட்டார்கள். மொரேலோஸின் தளபதி ஏர்மெனெகில்தோ கலேயானா ஆட்களோடு போய் அந்த இடத்தைப் பிடித்தார். பிடித்தால் மட்டும் போதாது, மறுநாளே பறிபோய்விடும். அதனால் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே அங்கேயே அரண் எழுப்பி, பீரங்கியும் நிறுத்தினார். இந்த ஒரு காரியம் இல்லாவிட்டால் முற்றுகை சில வாரங்களிலேயே முடிந்திருக்கும் என்பது என் கணிப்பு.

இரு தரப்பும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. மழை பிடித்தால் இந்த வெக்கைப் பூமியில் காய்ச்சல் பரவி, மேட்டுநிலத்திலிருந்து வந்த கயேஹாவின் படை படுத்துவிடும் என்று மொரேலோஸ் கணக்குப் போட்டார். சரியான கணக்குதான், ஆனால் மழை தள்ளிப்போனது. உள்ளே நோய் பரவியது; எலியும் பல்லியும் தோலும் உணவாயின. வெளியே போய் உணவு கொண்டுவர மொரேலோஸின் இன்னொரு தளபதி மாரியானோ மத்தமோரோஸ் காவலை உடைத்துக்கொண்டு போனார். சேர்த்த மூட்டைகளை ஊருக்குள் கொண்டுவர முடியவில்லை.

மே 2, நள்ளிரவு தாண்டி சுமார் இரண்டு மணிக்கு எல்லோரும் கிளம்பினார்கள். முன்னால் கலேயானாவின் காலாட்படை, பின்னால் குதிரைப்படை, அதன் பின் ஊர்மக்கள். சந்தடியில்லாமல் வெகுதூரம் வந்துவிட்டார்கள். காவல் வரிசையில் துப்பாக்கி வெடித்ததும் விஷயம் வெளிப்பட்டது. படையினர் பலர் தப்பினார்கள். மெதுவாக நடந்த ஊர்மக்கள்தான் அதிகம் மாண்டார்கள். இந்த முற்றுகையைப் பற்றி எழுதும்போது அவர்களை விட்டுவிடக் கூடாது.

கயேஹாவுக்குக் கிடைத்தது படை வெளியேறிய ஊர்தான். அதே ஆண்டு நவம்பர் 25 அன்று மொரேலோஸ் வஹாக்கா நகரைப் பிடித்தார். அவர் கூட்டிய சில்பான்சிங்கோ பேரவை, 1813 நவம்பர் 6இல் ஸ்பெயினிடமிருந்து முழு விடுதலையை எழுத்தில் அறிவித்தது.