மஸில் காருக்கு முதலில் ஸ்பிரிங் வாங்காதீர்கள்

வளைவில் வண்டி சாய்கிறது, மூக்கு வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது என்றதும் பழைய மஸில் கார் (1960, 70களின் பெரிய இன்ஜின் போட்ட அமெரிக்கக் கார்) வைத்திருக்கும் பலரும் முதலில் தேடுவது கெட்டியான ஸ்பிரிங்கைத்தான். ஸ்பிரிங் மாற்றினால் சாய்வு குறையும், அது உண்மை. ஆனால் வளைவில் காரைப் பிடித்து வைத்திருப்பது டயர், அந்த டயர் முழு அகலத்துக்கும் ரோட்டில் படிந்து உட்காராவிட்டால் எவ்வளவு கெட்டியான ஸ்பிரிங் போட்டும் குதிக்கிற வண்டிதான் மிஞ்சும். அதனால் காசைக் கொட்டுவதற்கு முன் ஜியோமெட்ரியை, அதாவது சக்கரமும் அதைத் தாங்கும் ஆர்ம்களும் நிற்கும் கோணங்களைப் பாருங்கள் என்பதுதான் யார் கேட்டாலும் நான் சொல்வது.

1964 முதல் 1972 வரை வந்த செவ்ரோலே செவெல் உங்களிடம் இருந்தால் இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். முன்பக்க ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் மேல், கீழ் கன்ட்ரோல் ஆர்ம்களில் கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக் வைத்து ஒவ்வொரு அங்குலமாக ஏற்றிக்கொண்டே சக்கரம் உள்ளே, வெளியே சாயும் கோணத்தைக் காட்டும் கேம்பர் கேஜைப் பாருங்கள். சக்கரம் ஏற ஏற அதன் மேல்பக்கம் உள்ளே சாய வேண்டும், இதில் வெளியே போகும். இரண்டு ஆர்மின் நுனிகளையும் இணைத்துச் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிண்டில் குட்டையாக இருப்பதால் மேல் ஆர்ம் சக்கரத்தை நோக்கிச் சரிவாக இறங்குகிறது. சக்கரம் மேலே வரும்போது அந்த ஆர்மின் நுனி வெளியே தள்ளுகிறது. வளைவில் பாடி ஏற்கெனவே வெளிப்புறம் சாய்ந்திருக்கும், அதோடு இதுவும் சேர்ந்தால் டயர் வெளி ஓரத்தில்தான் ஓடும். மேல் ஆர்மை ஸ்பிண்டிலோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டை அரை அங்குலம் உயரமானதாகப் போட்டால் ஆர்மின் கோணம் மாறி இந்தத் தொல்லை பெரிதும் குறைகிறது. எனக்கு இதுதான் செவெலில் கொடுத்த காசுக்கு அதிகம் தரும் வேலை.

1965, 66 ஃபோர்டு மஸ்டாங்கில் இதே வேலையை வேறு பக்கத்திலிருந்து செய்கிறார்கள். மேல் ஆர்மைப் பாடியில் மாட்டும் துளைகளை 1 அங்குலம் கீழே இறக்குவது, மஸ்டாங்கை வைத்து கரோல் ஷெல்பி உருவாக்கிய 1965 ஜிடி350-இல் செய்ததுதான், ஷெல்பி டிராப் என்றே பெயர் நிலைத்துவிட்டது. யோசனை ஃபோர்டின் இன்ஜினியர் கிளாஸ் ஆர்னிங்குடையது. ஒரு டெம்ப்ளேட்டும் டிரில்லும் போதும், அப்புறம் அலைன்மென்ட் செய்தே ஆக வேண்டும்.

அலைன்மென்ட் என்றதும் ஒன்று. அந்தக் கால ஃபேக்டரி அளவுகள் பயஸ் பிளை என்ற பழைய வகை டயருக்காக எழுதப்பட்டவை, காஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டீயரிங் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்) பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். இன்றைய ரேடியல் டயருக்கு 4 முதல் 5 டிகிரி பாசிட்டிவ் காஸ்டர், அரை முதல் 1 டிகிரி நெகட்டிவ் கேம்பர், கொஞ்சம் டோ-இன் (முன்சக்கரங்களின் முன்பக்கம் லேசாக உள்ளே பார்ப்பது) என்று ஆரம்பித்துப் பாருங்கள், நேர்கோட்டில் ஸ்டீயரிங் அலைவது நின்றுவிடும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் கை கொஞ்சம் கனமாகும். ஃபேக்டரி ஆர்மில் இவ்வளவு காஸ்டர் கிடைக்காது, பால் ஜாயின்ட்டைப் பின்னால் தள்ளி வைத்த, குழாயால் செய்த டியூபுலர் மேல் ஆர்ம் தேவைப்படுவது இதற்காகத்தான். அலைன்மென்ட் செய்பவரிடம் இந்த எண்களை எழுதிக் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அவருடைய மெஷின் ஃபேக்டரி அளவைக் காட்டும், அவரும் அதையே வைத்துவிடுவார்.

ஆர்ம்கள் மாட்டும் இடத்தில் இருக்கும் புஷ்ஷிங்கில் எல்லா இடத்துக்கும் பாலியூரித்தேன் (ரப்பரைவிடக் கெட்டியான பிளாஸ்டிக், சுருக்கமாகப் பாலி) என்று வாங்காதீர்கள். முன்பக்கம் சரி. செவெலின் பின்பக்கம் நான்கு ஆர்ம், மேல் இரண்டும் கோணலாகப் போகின்றன. வண்டி சாயும்போது அவை முறுக்கிக்கொண்டாக வேண்டும், அந்த முறுக்கத்துக்கு இடம் கொடுப்பது ரப்பர்தான். இரண்டு முனையிலும் பாலி போட்டால் இறுகிப் பிடித்துக்கொள்ளும், அதனால் பின் டயர்கள் திடீரென்று பிடியை விட்டு வழுக்கும். ரப்பர் புஷ்ஷிங் போல்ட்டை வண்டி தன் எடையில் சக்கரத்தின் மேல் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

சரி, இப்போது ஸ்பிரிங். முன்பக்கம் 1 முதல் ஒன்றரை அங்குலம் இறக்கும் ஸ்பிரிங்கே ரோட்டுக்குப் போதும். அதற்கு மேல் இறக்கினால் சஸ்பென்ஷன் மேலே போய் நிற்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்பில் இடிக்கும், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட்டின் கோணமும் கெட்டு மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங் தானே திரும்பும். ஷாக்கை ஸ்பிரிங்குக்குப் பொருத்தமாக, ஒரே செட்டாக வாங்குங்கள். கெட்டி ஸ்பிரிங்குக்குப் பழைய ஷாக் மாட்டுவதைவிடப் பழைய ஸ்பிரிங்குக்கு நல்ல ஷாக் மாட்டுவது மேல். மோபார் (கிரைஸ்லர், டாட்ஜ், பிளைமவுத்) வண்டியில் முன்னால் காயில் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் போல வேலை செய்யும் டார்ஷன் பார், அதன் அட்ஜஸ்டர் போல்ட் உயரத்தை மட்டும்தான் மாற்றும், கெட்டியாக வேண்டுமென்றால் பாரையே மாற்ற வேண்டும்.

இடது, வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் ஸ்வே பாரில் ஒரு கணக்கு நினைவில் இருக்கட்டும். பாரின் விறைப்பு விட்டத்தின் நான்காம் மடியாக ஏறுகிறது, 1 அங்குல பாருக்குப் பதில் ஒன்றேகால் அங்குலம் போட்டால் கிட்டத்தட்ட 2.4 மடங்கு. அதனால் முதலில் முன் பாரை மட்டும் மாட்டி ஓட்டிப் பாருங்கள். மூக்கு இன்னும் வெளியே தள்ளினால் பின்னால் சின்னதாக ஒன்று போடலாம். ஓபன் டிஃபரன்ஷியல் (பிடி குறைந்த சக்கரம் மட்டும் சுற்றிவிடும் சாதாரண வகை) வண்டியில் பின் பார் பெரிதானால் வளைவில் உள்பக்கச் சக்கரம் லேசாகி, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் அந்த ஒரு டயர் மட்டும் சுற்றும்.